எத்தியோப்பியரும் நம் வாசிப்பும்: ஒரு திறனாய்வு

நாம் ஏற்கும் திருமறையின் அறுபத்தாறு நூல்களில் இந்தியாவின் பெயர் இடம்பெறுவது ஒன்றில் மட்டுமே. அது எஸ்தர் நூல். அகாஸ்வேரு மன்னனின் ஆட்சிப்பரப்பைக் குறிக்கும்போது, அதன் ஒரு முனையில் இந்தியாவையும் மறுமுனையில் எத்தியோப்பியாவையும் அந்நூல் இருமுறை நிறுத்துகிறது (எஸ்தர் 1:1, 8:9). திருமறையில் நம் நாடு தனித்து வரவில்லை. எத்தியோப்பியாவுடன் இணைந்தே வருகிறது. ஆயினும் தமிழ்த் திருச்சபையின் அருளுரைகளிலும் வரலாற்றுப் பேச்சுகளிலும் இவ்விரு நாடுகளும் ஒன்றையொன்று அறியாதவைபோல் நடத்தப்படுகின்றன. ஆப்பிரிக்கர் என்றவுடன் நம் மனத்தில் எழும் உருவம் பெரும்பாலும் இரண்டே: விலங்கிடப்பட்ட அடிமை, அல்லது மிஷனெரியை எதிர்நோக்கி நிற்கும் அஞ்ஞானி. அரசாண்ட ஆப்பிரிக்கரும், கடல்கடந்து வாணிபம் செய்த ஆப்பிரிக்கரும் நம் வாசிப்பில் இடம்பெறுவதில்லை. இக்குறை நம் நூல்களில் உள்ளதா, நம் கண்களில் உள்ளதா என்பதே இக்கட்டுரையின் வினா.

1. வெம்பக்கோட்டையும் ‘ரோம வாணிபமும்’

விருதுநகர் மாவட்டத்தில், வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்து மேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அகழாய்வைத் தொடங்கியது. 2023, 2024ஆம் ஆண்டுகளில் இரண்டாம், மூன்றாம் கட்டப் பணிகள் தொடங்கின. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்ற இந்தக் கரிசல் மண்ணிலிருந்து சங்கு வளையல்களும், கண்ணாடி மணிகளும், சூதுபவள மணிகளும், சுடுமண் உருவங்களும், தந்தத்தாற் செய்த பொருள்களும் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. சங்கை அறுத்து வளையலாக்கிய கைகளும், மணிகளைக் கோத்த கைகளும் இங்கே இருந்தன என்பதற்கு அவை சான்று. வானம் பார்த்த பூமி என்று மட்டும் அறியப்பட்ட வட்டாரத்திற்கு இது பெருமையே.

ஆனால் இப்பெருமையை நாம் எடுத்துரைக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டின் எந்தப் பழைய மேட்டில் மணி கிடைத்தாலும் உடனே ‘ரோமாபுரியுடன் வாணிபம்’ என்று சொல்லிவிடுகிறோம். அகழாய்வு அறிக்கைகள் எச்சரிக்கையுடன் கூறுவதை மேடைப் பேச்சு மிகைப்படுத்துகிறது. மேடைப் பேச்சு பின்னர் பிரசங்கத்துள்ளும் நுழைகிறது. ஐரோப்பா நம்மை அறிந்திருந்தது என்பதே நம் மேன்மைக்குச் சான்று என்ற எண்ணம் இதன் அடியில் கிடக்கிறது.

‘ரோம வாணிபம்’ நடைபெற்ற வழி எது? அக்காலத்து மரக்கலங்கள் இத்தாலியிலிருந்து நேரே தமிழகத்திற்கு வரவில்லை. அவை எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து, அதாவது ஆப்பிரிக்க மண்ணிலிருந்து, புறப்பட்டன. அத்துறைமுகங்களுள் ஒன்றாகிய பெரெனிகேயில் ‘கொற்றபூமான்’ என்னும் பெயர் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்ட பானையோடு 1995இல் கிடைத்தது. அங்குள்ள கோயில் வளாகத்தில், இந்தியாவில் வனைந்த தாழி ஒன்றில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ கருமிளகு இருந்தது. குசைர் அல்-கதீம் என்னும் மற்றொரு துறையில் ‘கணன்’, ‘சாதன்’ என்னும் பெயர்கள் கிடைத்தன. முசிறியிலிருந்து வந்த சரக்கைப் பற்றிய ஒப்பந்தம் ஒன்று பாப்பிரசு ஏட்டில் எழுதப்பட்டு 1985இல் வெளியிடப்பட்டது; சரக்கு ஒட்டகத்தின்மேல் பாலைவனத்தைக் கடந்து, நைல் ஆற்றின் வழியே அலெக்சாந்திரியாவைச் சேர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. எனவே தமிழ் வணிகன் கால்வைத்த மண் ஆப்பிரிக்க மண். அவனது மிளகைச் சுமந்த வழி ஆப்பிரிக்க வழி. அவ்வழியைத் துடைத்துவிட்டு ரோமாபுரியை மட்டும் எழுதுவது பாதி வரலாறாகும்.

செங்கடலின் தென்பாகத்தில் அதூலி என்னும் துறைமுகம் இருந்தது; அது இன்றைய எரித்திரியாவில் உள்ளது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘எரித்திரேயக் கடல் வழிநூல்’, இந்திய இரும்பும் எஃகும் பருத்தித் துணியும் அங்கே இறங்கியதையும், அங்கிருந்து தந்தம் ஏற்றப்பட்டதையும் கூறுகிறது. அந்நாட்டை ஆண்ட ஸோஸ்காலிஸ் என்னும் அரசன் கிரேக்கக் கல்வி உடையவன் என்றும் குறிக்கிறது. அதூலிக்குப் பின்னே மலைமேல் எழுந்த அக்சூம் அரசு கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் தன் பெயரால் பொற்காசு அடித்தது. பாரசீகத்து மானி உலகின் நான்கு பேரரசுகளை எண்ணியபோது பாரசீகம், ரோம், சீனம் ஆகியவற்றோடு அக்சூமையும் சேர்த்தான் என்பது அவன் வழியினரின் நூலால் தெரிகிறது. அரபிக்கடலில் உள்ள சொக்கோத்திராத் தீவின் ஹோக் குகையில், கடலோடிகள் எழுதிச் சென்ற பெயர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அறியப்பட்டன. அவற்றுள் மிகப் பல இந்தியப் பிராமி எழுத்தில் உள்ளன. அவற்றோடு எத்தியோப்பிய எழுத்தும் உண்டு. ஒரே குகையில், ஒரே இருளில், இந்திய மாலுமியும் எத்தியோப்பிய மாலுமியும் தங்கள் பெயரை விட்டுச் சென்றனர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செய்யப்பட்ட சிறு கண்ணாடி மணிகள் பெரெனிகேயிலும், அதற்கு அப்பால் நூபிய நாட்டுக் கல்லறைகளிலும் எடுக்கப்பட்டுள்ளன.

வெம்பக்கோட்டைக்கு ஓர் எத்தியோப்பியன் வந்தான் என்று இக்கட்டுரை வாதிடவில்லை. சான்றில்லாத பெருமை நமக்கு வேண்டா. வெம்பக்கோட்டை மணியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் எத்திசையை நோக்குகிறோம் என்பதே கேள்வி.

2. கந்தாகேயின் பொருளாளன்

திருமறையில் எத்தியோப்பியா எனப்படுவது பெரும்பாலும் இன்றைய எத்தியோப்பியா அன்று. எபிரெயத்தில் அது கூஷ். நைல் ஆற்றின் மேற்பகுதியில், இன்றைய சூடானில் இருந்த நாடு. தமிழ்த் திருமறை சில இடங்களில் கூஷ் என்றும், வேறு சில இடங்களில் எத்தியோப்பியா என்றும் கூறுவதால், இரண்டும் ஒன்றே என்பது வாசிப்போர் பலருக்குத் தோன்றுவதில்லை. எசேக்கியா காலத்தில் அசீரியரை எதிர்க்கப் புறப்பட்ட திராக்கா (ஏசாயா 37:9) கூஷ் வம்சத்தவன், எகிப்தையும் ஆண்டவன், அவனது ஆட்சிக்காலம் கி.மு. 690 முதல் 664 வரை. எரேமியாவைச் சேற்றுக்குழியிலிருந்து தூக்கியெடுத்த எபெத்மெலேக் கூஷ் நாட்டவன். எருசலேம் மக்கள் ஆப்பிரிக்கரை அடிமைகளாக மட்டும் அறிந்திருக்கவில்லை. படையோடு வரும் அரசராகவும், அரண்மனையில் துணிந்து பேசும் அலுவலராகவும் அறிந்திருந்தனர்.

இப்பின்னணியில் அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தை வாசிக்க வேண்டும். நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு கந்தாகே என்பதை ஓர் அரசியின் இயற்பெயராகத் தோன்றச் செய்கிறது. அது பெயரன்று, பட்டம். மெரோவே நகரிலிருந்து ஆண்ட கூஷ் அரசில் அரசிக்கும் அரசன் தாய்க்கும் வழங்கிய பட்டம் அது. அப்பட்டம் பூண்ட அமானிரேனாஸ், அமானிஷக்கேத்தோ, அமானித்தோரே போன்றோரின் பெயர்கள் கல்வெட்டுகளில் உள்ளன. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், கந்தாகே ஒருத்தி அகஸ்து இராயனின் படையோடு போரிட்டாள். போரின் முடிவில் அவளுடைய தூதர் சாமோஸ் தீவில் இராயனைச் சந்தித்துக் கப்பத்தை நீக்கிக்கொண்டனர் என்று ஸ்திராபோ எழுதுகிறார். மெரோவேயில் 1910இல் நடந்த அகழாய்வில், ஆலயம் ஒன்றின் வாயிற்படியின் கீழ் அகஸ்துவின் வெண்கலத் தலை புதைந்திருக்கக் கண்டனர். உள்ளே செல்வோர் அனைவரும் இராயனின் தலையை மிதித்துச் செல்லும்படி அது வைக்கப்பட்டிருந்தது. குடிமதிப்புக் கட்டளையிட்டு மரியாளையும் யோசேப்பையும் பெத்லகேமுக்கு நடக்கவைத்த அதே அகஸ்துதான் இவன். லூக்கா தம் முதல் நூலில் இராயனின் கட்டளையைக் கூறுகிறார். இரண்டாம் நூலில், அவ்விராயனுக்கு அடங்காத நாட்டின் பொருளாளனை நற்செய்தியின் பாதையில் நிறுத்துகிறார். இதைக் காணாத பிரசங்கம், பிலிப்புவின் கீழ்ப்படிதலைப் போற்றிவிட்டு, இரதத்தில் இருந்தவனைப் பெயரற்ற கேட்போனாக விட்டுவிடுகிறது.

மொழிபெயர்ப்பில் மற்றொரு சிக்கலும் உண்டு. கிரேக்க மூலம் அவனை ‘யூனூக்கொஸ்’ என்று மீண்டும் மீண்டும் அழைக்கிறது. அண்ணகன் என்பது அதன் நேர்பொருள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘மந்திரி’ என்ற சொல்லால் அதை மூடிவிட்டது. நாகரிகம் கருதியோ, பதவியைச் சிறப்பிக்கவோ அவ்வாறு செய்திருக்கலாம்; அதனால் அவனது உயர்நிலை தமிழ்ச் செவிக்கு விளங்கிற்று என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் இழப்பு பெரிது. ஏசாயா 56ஆம் அதிகாரத்தில் அதே மொழிபெயர்ப்பு ‘அண்ணகன்’ என்ற சொல்லையே வழங்குகிறது. அங்கே அண்ணகனுக்கும் அந்நியனுக்கும் ஆண்டவரின் ஆலயத்தில் அழியாத பெயர் வாக்களிக்கப்படுகிறது. இரதத்தில் அவன் வாசித்துக்கொண்டிருந்தது ஏசாயா 53. சுருளை இன்னும் சற்றுத் தள்ளி விரித்தால் அவனுக்கே உரிய வாக்குத்தத்தம் காத்திருக்கிறது. தன் உடலின் காரணத்தால் உபாகமச் சட்டப்படி சபைக்குப் புறம்பானவன் (உபாகமம் 23:1), தன் நிறத்தாலும் நாட்டாலும் அந்நியன், ஆயினும் ஓர் அரசின் செல்வம் முழுவதற்கும் பொறுப்பாளன்: இம்மூன்றும் ஒருவனிடத்தில் கூடியிருப்பதே அந்நிகழ்ச்சியின் வலிமை. ‘மந்திரி’ என்ற ஒரு சொல் இம்மூன்றில் ஒன்றை மட்டும் காட்டுகிறது.

இதனோடு ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். காமின் சாபத்தால் கறுப்பர் அடிமைகளாயினர் என்னும் விளக்கம் மேலைநாட்டு அடிமை வாணிபத்திற்குத் துணைநின்றது. அங்கே சாபம் காம்மேல் கூறப்படவில்லை, கானான்மேல் கூறப்படுகிறது. கூஷோ காமின் மற்றொரு மகன். கறுத்த மேனியரான நம் மக்களிடையே, கறுப்பைப் பாவத்திற்கும் வெண்மையைத் தூய்மைக்கும் உவமையாக்கும் பிரசங்கம் இன்னும் நிகழ்கிறது. நிறத்தின் பேராலும் பிறப்பின் பேராலும் தாழ்த்தப்பட்ட மக்களைக் கொண்ட திருச்சபைக்கு இது வெறும் சொல்லாய்வு ஆகாது.

3. காஸ்மாஸ் கூறாமல் கூறியது

திருச்சபை வரலாற்று மாணவர் யாவரும் காஸ்மாஸ் என்னும் அலெக்சாந்திரிய வணிகரை அறிவர். ஆறாம் நூற்றாண்டின் நடுவில் அவர் எழுதிய ‘கிறிஸ்தவ நிலவியல்’, உலகம் பெட்டி வடிவானது என்று வாதிடுவதற்காக இயற்றப்பட்டது. அவ்வாதத்தை எவரும் இன்று பொருட்படுத்துவதில்லை. ஆனால் மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர் இருந்தனர் என்று அவர் கூறும் சில வரிகளுக்காக நாம் அந்நூலைப் போற்றுகிறோம். நமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம்.

விட்டுவிட்டவற்றுள் ஒன்று சோபத்ரோஸ் கதை. சோபத்ரோஸ் என்னும் ரோம வணிகர் இலங்கை சென்றபோது அங்கே ஒரு பாரசீகரும் வந்திருந்தார். உங்கள் அரசர்களுள் பெரியவர் யார் என்று இலங்கை மன்னன் கேட்டான். பாரசீகர் தம் மன்னரைப் புகழ்ந்தார். சோபத்ரோஸோ, இரு நாட்டுக் காசுகளையும் எடுத்துப் பார்க்கும்படி கூறினார். ரோமரின் காசு பொன். பாரசீகரின் காசு வெள்ளி. மன்னன் மகிழ்ந்து சோபத்ரோஸை யானைமேல் ஏற்றி ஊர்வலம் வரச் செய்தான். இக்கதை வரலாற்று நூல்களில் ரோமப் பொன்னின் புகழுக்குச் சான்றாக எடுத்தாளப்படுகிறது.

ஆனால் கதையின் ஓரத்தை வாசியுங்கள். சோபத்ரோஸ் இலங்கைக்கு எவரோடு சென்றார்? அதூலி நாட்டவரோடு சென்றார். காஸ்மாஸுக்கு இக்கதையை உரைத்தவர் எவர்? சோபத்ரோஸும், அவரோடு அத்தீவுக்குச் சென்ற அதூலி வணிகருமே. அவர்களே தோழர், அவர்களே சாட்சிகள். ஆயினும் யானைமேல் அவர்களுக்கு இடமில்லை. மன்னன் கேட்ட கேள்வியில் அவர்கள் அரசன் எண்ணப்படவுமில்லை. அவர்களது அரசனோ சிறியவனல்லன். அக்சூமை ஆண்ட காலேப், தென்அரேபியாவின்மேல் கடற்படையோடு செல்ல ஆயத்தம் செய்த நாளில்தான் காஸ்மாஸ் அதூலியில் இருந்தார். அங்குள்ள பழைய கல்வெட்டைப் படியெடுத்துத் தரும்படி காலேபின் ஆளுநர் அவரையே பணித்தார். அதன்பின் 531ஐ ஒட்டி, பாரசீகரை விலக்கிப் பட்டுவாணிபம் நடத்த எண்ணிய யுஸ்தினியன், எத்தியோப்பியர் இந்தியரிடம் பட்டை வாங்கித் தமக்கு விற்கவேண்டுமென்று தூதனுப்பினான் என்று புரோகோப்பியுஸ் எழுதுகிறார். துறைமுகங்களில் பாரசீகர் முந்திக்கொண்டதால் அது நிறைவேறவில்லை. ஆனால் ரோமப் பேரரசன் வேண்டிக்கொள்ளும் நிலையில் ஆப்பிரிக்க வணிகர் இருந்தனர் என்பது அதனால் தெளிவாகிறது.

பழைய திருச்சபை ஆசிரியர் எத்தியோப்பியாவையும் ‘இந்தியா’ என்றே பலமுறை குறித்தனர். அக்சூமின் முதல் பேராயராகிய புருமெந்தியுஸின் வரலாற்றை ரூபினுஸ் ‘இந்தியா’வின் கதையாகவே எழுதினார். அப்பேராயரை அபிஷேகம் செய்தவர் அத்தனாசியுஸ். அவர் காலத்து அரசன் எசானா தன் காசில் சிலுவையைப் பொறித்தான். நம் நாட்டிற்கு அப்போஸ்தலர் வந்த மரபை ஆராய்வோர், ‘இந்தியா’ என்ற சொல் கண்ட இடமெல்லாம் அதை நமக்கே உரியதாகக் கொள்வது தகாது. ஆப்பிரிக்கத் திருச்சபையின் முதுசொத்தை அறியாமல் நாம் எடுத்துக்கொண்டதாகிவிடும்.

4. அரசாண்டோரும் அடிமைப்பட்டோரும்

அக்சூம் வீழ்ந்த பின்னரும் ஆப்பிரிக்கர் இக்கடலைவிட்டு அகலவில்லை. 1344இல் கொழும்பைக் கண்ட இப்னு பதூதா, அங்கே கடலையாண்ட தலைவனிடம் ஏறத்தாழ 500 அபிசீனிய வீரர் இருந்ததாக எழுதினார். வங்காளத்தில் 1487 முதல் சுமார் ஆறாண்டுகள் ஹப்ஷியர் சுல்தான்களாக ஆண்டனர். கொங்கணக் கரையில் ஜஞ்சிராத் தீவுக்கோட்டையின் சித்தி அரசு 1948 வரை நிலைத்தது. இவருள் தலையாயவர் மாலிக் அம்பர். எத்தியோப்பியாவில் 1548ஐ ஒட்டிப் பிறந்து, சிறுவயதில் விற்கப்பட்டு, பாக்தாத்தின் வழியே தக்காணம் சேர்ந்த அவர், அகமதுநகர் அரசின் காவலராக உயர்ந்து 1626இல் இறக்கும்வரை முகலாயரை எதிர்த்து நின்றார். 1610இல் அவர் அமைத்த கட்கி நகரே பின்னாளில் அவுரங்காபாத் ஆயிற்று. ஜஹாங்கீரின் ஓவியர் அபுல் ஹசன் வரைந்த படத்தில், உலக உருண்டையின்மேல் நிற்கும் பேரரசர், ஈட்டியில் குத்திய அம்பரின் தலையை அம்பால் எய்கிறார். நடவாத ஒன்றை அந்த ஓவியம் நடந்ததாகக் காட்டுகிறது. அம்பர் அவர் கையில் அகப்படவே இல்லை. வென்றவர் மட்டுமல்லர், வெல்ல விரும்பியவரும் வரலாற்றை வரைகின்றனர்.

எனினும், அரசர்களைத் தேடிக் கண்டு மகிழ்வதோடு நிற்பது நம் இறையியலுக்கு ஒவ்வாது. ரோமரின் யானைக்குப் பதிலாக அக்சூமின் யானையை வணங்குவதால் பயன் என்ன? அம்பர் அரசாண்டார் என்பதால் அவரை விற்ற சந்தை நியாயமாகிவிடாது. அதே கடலில் பெயரின்றி விற்கப்பட்டோர் பல்லாயிரவர். அவர்களுள் ஒருசாரார் நம் திருச்சபை வரலாற்றுக்கே உரியவர். அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கச் சிறுவருக்கு நாசிக்கில் சி.எம்.எஸ். சங்கத்தார் புகலிடம் நடத்தினர். அங்கே கல்வி கற்றவர் ஜேக்கப் வெயின்ரைட். 1873இல் லிவிங்ஸ்டன் இறந்தபோது அடக்க ஆராதனையை வாசித்து, மரத்தில் அவர் பெயரைச் செதுக்கி, தோழரோடு அவரது உடலைக் கடற்கரைவரை சுமந்தவர் அவரே. 1874இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பெட்டியைத் தாங்கியவருள் ஒருவரும் அவரே. அப்பயணத்தை உடன் நடத்திய சூமா 1865இல் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றவர். லிவிங்ஸ்டனை நம் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் அறிவர். இந்தியாவில் கல்வியும் திருமுழுக்கும் பெற்ற இவ்விரு ஆப்பிரிக்கரையும் அறிந்தோர் எத்துணைபேர்?

5. நம் கடன்

வெம்பக்கோட்டைக்கு அண்மையிலேயே இதே பாடம் உள்ளது. 1854இல் ராக்லண்டு ஐயர் வட திருநெல்வேலியில் கூடாரம் தூக்கி நற்செய்திப் பயணத்தைத் தொடங்கினார். 1858இல் சிவகாசியில் மறைந்தார். அவரது தியாகத்தை நாம் நன்றியோடு நினைக்கிறோம், நினைக்கவும் வேண்டும். ஆனால் தென் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் காணிக்கையால் தாங்கி, முறைமுறையாக அனுப்பிய உபதேசியார்கள் அக்கூடாரங்களோடு ஊர் ஊராய் நடந்தனர். அவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டில் உள்ளன? சோபத்ரோஸின் யானையும், அவரோடு நடந்த அதூலியரும் இங்கேயும் உண்டு. பிறநாட்டாருக்கு நாம் செய்யும் மறதியை நமக்கே செய்துகொண்டிருக்கிறோம்.

ஆகவே போதகர்க்கும் மாணவர்க்கும் மூன்று கடமைகள் உள. முதலாவது, அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தை ஏசாயா 56உடன் சேர்த்து வாசித்து, கந்தாகே என்பது பட்டம் என்பதையும், அவள் நாடு எது என்பதையும் சபைக்கு விளக்குவது. இரண்டாவது, நிறத்தைக் குற்றமாக்கும் உவமைகளையும் காமின் சாபம் என்னும் பொய்விளக்கத்தையும் பிரசங்கபீடத்திலிருந்து நீக்குவது. மூன்றாவது, ஒவ்வொரு வட்டாரத்துச் சபைப் பதிவேடுகளையும் திறந்து, உபதேசியாரின், வேதாகமப் பெண்களின், கூலி வாங்காமல் கல் சுமந்து ஆலயம் எழுப்பியவரின் பெயர்களை எழுதி வைப்பது. இன்று வெம்பக்கோட்டையைச் சுற்றிலும் மருந்துக் கந்தகத்தில் கைகருக்க உழைப்போர் நம் சபைகளிலும் இருக்கின்றனர். விபத்து நேர்ந்த மறுநாள் அவர்கள் எண்ணிக்கையாக மட்டும் செய்தியில் வருகின்றனர். சங்கறுத்த பழைய கைகளைப் போற்றும் நாம், இக்கைகளுக்கு உரியவரைப் பெயர்சொல்லி அழைக்கக் கடமைப்பட்டவர்கள்.

காசா செல்லும் வழியில் ஆவியானவர் பிலிப்புவுக்கு இட்ட கட்டளை, அந்த இரதத்தை நெருங்கி அதனுடன் சேர்ந்துகொள் என்பதே. பிலிப்பு ஓடிச்சென்று முதலில் செய்தது, அவன் வாசிப்பதைச் செவிகொடுத்துக் கேட்டது. போதித்தது அதற்குப் பின்னரே.